காணிக்கைப் பையில் விழுந்த கண்ணாடி

கைதவறிய பொத்தான் உருண்டு உருண்டு போய் வாசற்படியில் முட்டி நின்றது. தெருவுக்குப் போகவில்லை. அடைக்கலநாதன் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தார். முகத்தை மேலே தூக்கி, கூரைத் தகரத்துக்கு மேல் யாரோ தெரிந்தவர் உட்கார்ந்திருப்பதுபோலச் சொன்னார்: “படியிலை மறிச்சுப் போட்டீர், ஸ்தோத்திரம்!” அதன் பிறகுதான் எழுந்து போய்ப் பொத்தானைத் தேடினார்.

பண்டத்தரிப்புச் சந்தியில், சைக்கிள் திருத்தும் கடைக்கும் கூட்டுறவுச் சங்கக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய தையற்கடை. ஒரு மெஷின், ஒரு மேசை, வருகிறவர்கள் உட்கார ஒரு வாங்கு. அவ்வளவுதான். ஐம்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, வெள்ளை வேட்டி, பெனியன், கழுத்தில் அளவுநாடா. ஞாயிற்றுக்கிழமைகளில் சிலவேளை அதே அளவுநாடாவோடு தேவாலயத்துக்கும் போய்விடுவார். ஊரிலுள்ளவர்களின் அளவெல்லாம் அவருக்கு மனப்பாடம். எழுதி வைப்பதில்லை. மனப்பாடமாக வைத்திருப்பதை மனதுக்குள் வைத்திருந்தாலும் பரவாயில்லை. “மாஸ்ரர், போன தீபாவளிக்கு உங்கடை இடுப்பு முப்பத்திநாலு. இப்ப முப்பத்தாறரை. ஆண்டவர் உங்களை நல்லாய்த்தான் நடத்துறார்” என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது கத்திச் சொல்லுவார்.

பெரிய நன்மைகளில் அவருக்கு அக்கறை குறைவு. ஒருநாள் என்னிடமே அதை விளக்கினார். “சோதினை பாஸ் பண்ணினால் எல்லாரும் ஆண்டவரைப் புகழுவினம். வருத்தம் மாறினாலும் புகழுவினம். பொத்தான் படியிலை நிண்டதுக்கு ஆர் புகழுறது? அதுக்கும் ஒரு ஆள் வேணும்தானே, மாஸ்ரர்?” அந்த உத்தியோகத்துக்கு வேறு யாரும் விண்ணப்பிக்காதபடியால் அவரே பார்த்து வந்தார்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் பெயர் நாகலிங்கம். சந்திக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். சைவன். ஆனாலும் புதன்கிழமை மாலைகளில் அடைக்கலநாதன் வீட்டு விறாந்தையில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு, நெற்றியில் மூன்று குறித் திருநீற்றோடு தவறாமல் போய் உட்காருவேன். காரணத்தை மறைக்க மாட்டேன். கூட்டம் முடிந்ததும் அவருடைய மனைவி யோசப்பின், பயறும் சர்க்கரையும் வைத்துப் பொரித்த சுசியம் கொண்டு வருவார். அப்படியொரு சுசியத்தை எங்கள் சமயத்தில் நான் கண்டதில்லை.

பாட்டும் ஜெபமும் முடிந்த பிறகு சாட்சி நேரம் வரும். கடவுள் தமக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் நன்மை நடந்த வாரத்தில் எழுந்தார்கள். அடைக்கலநாதன் எல்லா வாரமும் எழுந்தார். கிணற்றில் விழுந்த சவர்க்காரம் வாளியோடு ஏறி வந்தது ஒரு வாரம். கொடியிலிருந்த வேட்டியை எடுத்து முடிக்கும்வரை மழை பொறுத்திருந்தது இன்னொரு வாரம். கீரிமலைக்குப் போகிற பஸ் இவருக்காகத் தாமதித்து வந்ததைக் கால்மணி நேரம் சொன்னார். தாமதித்த பஸ்ஸால் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போன நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அடைக்கலம் அண்ணை, ஆண்டவருக்கு உங்கடை சவர்க்காரத்தைப் பாக்கிறதை விட வேறை வேலை இல்லையோ?” என்று கேட்டார் இன்னாசித்தம்பி. புகையிலை வியாபாரி; சபையிலேயே பெரிய குரல் அவருக்குத்தான்.

“எனக்குத் தெரிய இல்லை” என்றார் அடைக்கலநாதன். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒருமுறை பெரிய நன்மையொன்று கிடைத்துவிட்டது. தொல்லையெல்லாம் அதனால் வந்ததுதான்.

எழுபத்தைந்தாம் ஆண்டு வைகாசியில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து நோயாளிகளுக்காக ஜெபித்தார். அடைக்கலநாதன் தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்த காலம் அது. வரிசையில் நின்றார். பிரசங்கியார் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்களில் கைவைத்து ஜெபித்து, ஒரு வேதப்புத்தகத்தைக் கொடுத்து, “விருப்பமான இடத்தை வாசியுங்கள்” என்றார். அடைக்கலநாதன், ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ என்று தொடங்கும் மேய்ப்பனின் சங்கீதத்தைத் திறந்தார். ஒலிபெருக்கியில் ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தார். பந்தல் எழுந்து கைதட்டியது. கைதட்டியவர்களில் எங்கள் ஊர்ப் போதகர் கனகரத்தினமும் ஒருவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்த் தேவாலயத்தில் சாட்சி சொன்னார். சொல்லி முடித்ததும் கண்ணாடியை மடித்து, நன்றிப் பலியாகக் காணிக்கைப் பைக்குள் போட்டுவிட்டார். ஆராதனை முடிந்து சில்லறை எண்ணக் கையை விட்ட போதகர் கனகரத்தினத்தின் கையில் கண்ணாடி வந்தது. என்ன செய்வதென்று அவருக்கு விளங்கவில்லை. காணிக்கையாக வந்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் சபையில் இல்லை. திராட்சரசக் கிண்ணங்கள் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அதன்பிறகு பண்டத்தரிப்பின் உடுப்புகளுக்குக் கெட்ட காலம் தொடங்கியது. எனக்குத் தைத்த காற்சட்டையில் பின்பக்கப் பை வலக்காலின் முழங்காலுக்கு நேரே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் கறுப்பு நூலில் தைபட்டு வந்தன. சங்கக்கடை வாசலில் வெயிலில் வரிசை நின்று வாங்கிய துணி. யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் அவர் முகத்துக்கு முன் யாரும் ஏசவில்லை. “பரவாயில்லை” என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள், அடுத்த துணியைப் பக்கத்து ஊரான சங்கானைக்குக் கொண்டு போனார்கள். கடை வாங்கு காலியாகத் தொடங்கியது. காலையில் கடை திறக்கும்போது யோசப்பின் கூடவே வந்து, கறுப்பு நூலில் பத்து ஊசி, வெள்ளையில் பத்து ஊசி என்று கோத்துப் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டுப் போவார். மெஷின் ஊசி பெருவிரலில் ஏறிய அன்று மஞ்சள் வைத்துக் கட்டியதும் அவர்தான். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் பேசினேன். முழங்காலில் பையை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு காலம் பொறுப்பான்?

“அண்ணை, உங்களுக்குக் கண் தெரியேல்லை. கண்ணாடியைப் போடுங்கோ.”

“தெரியுது மாஸ்ரர். கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். வேதத்திலை ஒரு குருடன் இருக்கிறான். அவனுக்கும் முதல் தரம் கைவைச்சவுடனை முழுசாய்த் தெரியேல்லை. நடக்கிற மனிசர் மரம்மாதிரித் தெரிஞ்சவை. ரெண்டாந்தரம் கைவைச்ச பிறகுதான் தெளிஞ்சது. நான் இப்ப மரம் தெரியிற கட்டத்திலை நிக்கிறன்.”

“ரெண்டு வருஷமாகப் போகுது, இன்னும் மரம்தானோ?”

அவர் மேசையிலிருந்த துணியைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “மாஸ்ரர், என்ரை சாட்சியைக் கேட்டு ரெண்டு பேர் ஞானஸ்நானம் எடுத்தவை. நான் திரும்பிக் கண்ணாடி போட்டால் அவைக்கு என்ன சொல்லுறது? என்னைப் பொய்யன் எண்டால் தாங்குவன். அவரைப் பொய்யர் எண்டு சனம் சொல்ல நான் இடம் குடுக்கலாமோ?”

முழங்கால் பையில் கையை விட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.

கடைசியில் அகப்பட்டவர் போதகர் கனகரத்தினம். புதுவருஷ ஆராதனைக்குப் புது அங்கி தைக்கக் கொடுத்திருந்தார். அன்று காலை அங்கி கைக்கு வரும்போது ஆராதனைப் பாட்டு தொடங்கிவிட்டது. பக்கத்து அறையில் அவசரமாகத் தலைவழியே மாட்டினார். இடக்கை வெளியே வந்தது. வலக்கை வரவில்லை. அங்கியின் வலது கை, மணிக்கட்டு வரவேண்டிய இடத்தில், நெருக்கமாக, அழகாக, இரட்டைத் தையலில் மூடப்பட்டிருந்தது. பாட்டு மூன்றாம் கவிக்கு வந்துவிட்டது. என்ன செய்வார் பாவம், அப்படியே வந்து நின்றார். ஒற்றைக் கையால் புத்தகம் புரட்டி, ஒற்றைக் கையால் வியர்வை துடைத்து, எப்படியோ பிரசங்கத்தை ஒப்பேற்றிவிட்டார். ஆனால் முடிவில் ஆசீர்வாதம் கொடுக்க இரண்டு கையையும் உயர்த்தத்தானே வேண்டும்? உயர்த்தினார். ஒரு பக்கம் ஐந்து விரல். மறுபக்கம் தலையணை உறை.

புதுவருஷம் என்று அழைப்பின்பேரில் போயிருந்த நான் சால்வையை வாய்க்குள் திணித்தேன். சபை முழுவதும் தோள் குலுங்கியது. முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடைக்கலநாதனும் எல்லோரும் சிரிப்பதைக் கேட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “என்ன மாஸ்ரர், என்னத்துக்குச் சிரிக்கினம்?” என்று கேட்டார். சால்வை தானாகவே வாயிலிருந்து விழுந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு அதை நினைத்து என்னால் சிரிக்க முடிந்ததில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை. நான் கடையில் இருந்தபோது போதகர் அங்கியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு, “அடைக்கலம்” என்று கூப்பிட்டபடி வந்தார். அடைக்கலநாதன் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து எழுந்து நின்றார்.

“வாங்கோ ஐயா. அங்கி எப்பிடி? கை சரியாய் வந்ததோ?”

“கைக்கு ஒரு குறையுமில்லை, அடைக்கலம். வெளியிலை வரத்தான் இல்லை” என்றார் போதகர். கோபிக்க வந்தவர்போல இல்லை. வாங்கில் உட்கார்ந்து, கக்கத்திலிருந்த வேதப்புத்தகத்தை எடுத்து, விரித்து, அவர் கையில் கொடுத்தார். “அண்டைக்குப் பந்தலிலை வாசிச்சமாதிரி எனக்கு ஒருக்கால் வாசியும்.”

அடைக்கலநாதனுக்கு முகம் மலர்ந்தது. புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தார். சுட்டுவிரலை முதல் வரியில் வைத்தார். மேய்ப்பனின் சங்கீதத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தார். விரல் வரிவரியாக இறங்கி வந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. முடித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை சரி போடக் காத்திருப்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

போதகர் மெதுவாகச் சொன்னார்: “அடைக்கலம், நான் விரிச்சுத் தந்தது எண்ணாகமம். எந்தக் கோத்திரத்திலை எத்தினை பேர் எண்டு எழுதியிருக்கிற பக்கம்.”

அடைக்கலநாதன் புத்தகத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். எட்டப் பிடித்துப் பார்த்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“அப்ப… அண்டைக்கும்?”

“அண்டைக்கும் அது உமக்குப் பாடம்தான். ஞாயிறு பள்ளிக்கூடத்திலை படிச்சது. நீர் வேணுமெண்டு செய்யேல்லை. பந்தலிலை கைதட்டின எனக்கே அது தோணேல்லையே.”

எங்கள் சைவர்களில் ஒருவரும் இப்படி அகப்பட்டிருக்க முடியாது. எங்களுக்கு அவ்வளவு பாடம் வராது. ஐந்து வயதில் மனதில் ஏறிய வரிகளை ஐம்பத்துநான்காம் வயதில் கண்ணால் வாசிப்பதாக உண்மையாகவே நம்பியிருக்கிறார் மனிதர். பகிடியாக ஏதாவது சொல்லி நிலைமையைச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் புத்தகத்தை மூடிப் போதகரின் மடியில் வைத்தார்.

“அப்ப ஆண்டவர் எனக்கெண்டு ஒண்டும் செய்யேல்லையோ, ஐயா?”

சவர்க்காரத்துக்கும் பொத்தானுக்கும் நன்றி சொன்ன வாய் அது. போதகர் “எனக்குத் தெரியாது, அடைக்கலம்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அங்கியை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை சாட்சி நேரம் வந்தபோது எல்லோரும் அடைக்கலநாதனைப் பார்த்தோம். அவர் பாயின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் எழவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கடையில் பொத்தான் விழுந்தால் பேசாமல் குனிந்து தேடினார். சுசியம் வழக்கம்போலத்தான் இருந்தது. நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன், அதிலிருந்து என் நிலையை நீங்கள் விளங்கிக்கொள்ளலாம்.

“உந்த மனிசன் பேசினால் கரைச்சல், பேசாட்டி அதைவிடக் கரைச்சல்” என்றார் இன்னாசித்தம்பி.

யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: அலமாரியில் இருக்கும் கண்ணாடியைக் கொடுத்தால் என்ன? ஆனால் எப்படிக் கொடுப்பது? ஆண்டவருக்குக் கொடுத்ததை ஆண்டவரிடமிருந்து பிடுங்கிக் கொடுக்கிற அதிகாரம் போதகருக்கு இல்லை. அப்படிக் கொடுத்தாலும் அடைக்கலநாதன் வாங்கமாட்டார். பொருளாக வந்த காணிக்கை தேவாலயத்தை விட்டு வெளியே போக ஒரேயொரு வழிதான் உண்டு. அது மாசியில் வரும் அறுப்பின் பண்டிகை. அன்று சபையார் தங்கள் தோட்டத்து முதற்பலனையெல்லாம் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அவற்றை ஏலம் கூறுவார்கள்.

இந்த வருஷம் ஏலச் சாமான்களுக்கு நடுவில், நீற்றுப்பூசணிக்கும் காலில் கயிறு கட்டிய ஒரு சேவலுக்கும் இடையில், அந்தக் கண்ணாடி இருந்தது. வைத்தது யாரென்று போதகரைக் கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்து, மழை வருமோ என்றார்.

ஏலம் கூறுகிறவர் வழக்கம்போல இன்னாசித்தம்பி. வாழைக்குலை போனது. வெங்காயப் பிடிகள் போயின. பூசணிக்காய்க்கு நானும் இன்னொருவரும் சண்டை பிடித்து விலையை ஏற்றி, கடைசியில் அது என் தலையில் விழுந்தது. ஏலத்தில் விலையை ஏற்றி விளையாடுவது எனக்கு நெடுநாள் பழக்கம். பிறகு இன்னாசித்தம்பி கண்ணாடியைக் கையில் எடுத்தார். அந்தப் பெரிய குரல் பாதியாகிவிட்டது. “மூக்குக்கண்ணாடி ஒண்டு. நல்ல நிலை. அதிகம் பாவிக்கேல்லை. ஆர் கேக்கிறியள்?”

ஒருவரும் விலை கேட்கவில்லை. அடைக்கலநாதன் வேலியோரம் தலையைக் குனிந்து நின்றார்.

“நான் கேக்கிறன். அஞ்சு ரூபா.”

பெண்கள் பக்கத்திலிருந்து வந்த குரல் அது. எங்கள் ஊரில் ஏலத்தில் பெண்கள் வாய்திறப்பதில்லை; கணவரின் காதில்தான் சொல்லுவார்கள். யோசப்பின் முன்னால் வந்து நின்றார். இன்னாசித்தம்பி ஒருதரம் என்றார், இரண்டுதரம் என்றார். சுற்றிப் பார்த்து, என்மேல் கண்ணை நிறுத்தினார். நான் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருந்தேன். மூன்றுதரம்.

யோசப்பின் கண்ணாடியை வாங்கினார். ஆண்கள் நின்ற பக்கத்துக்கு நேரே நடந்தார். முந்தானையால் இரண்டு வில்லையையும் ஆறுதலாகத் துடைத்தார். கணவனிடம் நீட்டினார்.

“இஞ்சாருங்கோ, இதைப் போடுங்கோ.”

“அது நான் குடுத்ததல்லோ, யோசப்பின்…”

“நீங்கள் குடுத்தது குடுத்ததுதான். அதை ஒருத்தரும் திருப்பிக் கேக்கேல்லை. இது நான் வாங்கினது. நான் தாறன், போடுங்கோ.”

இருபத்தொரு மாதம் போதகரும் நானும் ஊரும் அவிழ்க்க முடியாத முடிச்சு. யோசப்பின் ஒரு இழுவையில் அவிழ்த்துவிட்டார். அடைக்கலநாதன் கண்ணாடியை விரித்தார். ஒரு காது, மறு காது. மூக்கில் சரியாக இருத்தினார். முதலில் வேலியைப் பார்த்தார், பிறகு தேவாலயத்தின் கோபுரத்தை, பிறகு எங்களை ஒவ்வொருவராக. “மாஸ்ரர், நரைச்சுப் போனியள்” என்றார். முற்றம் கொல்லென்று சிரித்தது.

“சாட்சி! சாட்சி!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். “ஓம், சொல்லுங்கோ அண்ணை. எவ்வளவு நேரமெண்டாலும் சொல்லுங்கோ” என்று இன்னாசித்தம்பியே கெஞ்சினார்.

அடைக்கலநாதன் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். “கர்த்தர்…” என்று தொடங்கினார். அப்போதுதான் முன்னால் நின்ற மனைவியைப் பார்த்தார்.

யோசப்பின் நீலப் பூப்போட்ட சீத்தை ரவிக்கை போட்டிருந்தார். போன உயிர்த்த ஞாயிறுக்குக் கணவர் தைத்துக் கொடுத்தது. ரவிக்கையின் வலது கை புறம் மாறிப் பொருத்தியிருந்தது. பூவெல்லாம் உள்ளே, வெளிறிய பின்பக்கம் வெளியே, மடிப்புத் தையல் முழுவதும் தோளின்மேல். பத்து மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைப் போட்டுக்கொண்டு சபைக்கு முன்னால் போய் வந்தார். வேறு நல்ல ரவிக்கைகள் அவரிடம் இல்லாமலில்லை. இதைப் போடாமல் பெட்டியில் வைத்திருந்தால் கணவன் ஏனென்று கேட்டிருப்பார். நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

“சொல்லுங்கோ அண்ணை” என்றார் இன்னாசித்தம்பி மறுபடியும்.

அடைக்கலநாதனின் வாய் திறந்தபடி நின்றது. அந்தத் தோளில் தையல் விட்டுப்போய் ஒரு நூல் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு அடி முன்னால் வந்தார். போதகரும் சபையாரும் பூசணிக்காயோடு நானும் பார்த்துக்கொண்டு நிற்க, மனைவியின் தோளில் குனிந்து, அந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்தார்.